இறால் ஓட்டுத் தாள்

குடோனை வாடகைக்குக் கேட்டு வந்த பெண், வாடகை எவ்வளவு என்று முதலில் கேட்கவில்லை. உள்ளே கழுவிவிடும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டாள். அந்தக் கேள்வி அன்றைக்கே என்னை உறுத்தியது.

மரக்காணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம் உண்டு. அளத்தை ஒட்டி, ரோட்டுப் பக்கமாக, ஓடு போட்ட பழைய குடோன் ஒன்று. அப்பா காலத்தில் மழைக்கு முன்னால் உப்பு மூட்டைகளை அதில்தான் அடுக்குவோம். இப்போது அளத்திலேயே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, லாரி வந்தால் நேராக ஏற்றிவிடுகிறோம். குடோன் சும்மா கிடந்தது. உப்புக் காற்றில் கதவின் கீல்கள் பாதி கரைந்திருந்தன. அப்படிப்பட்ட கட்டடத்தை ஒருவர் தேடிவந்து கேட்டால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"ஏம்மா, உள்ள என்ன தொழில் பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"எறா ஓட்டுலருந்து பேப்பர் மாதிரி ஒண்ணு செய்யப் போறேண்ணா. மீனு, ரொட்டி இதெல்லாம் சுத்துறதுக்கு. பிளாஸ்டிக் மாதிரியே மெல்லிசா இருக்கும். அதுல சுத்தி வச்சா கிருமி ஏறாது, சீக்கிரம் கெட்டுப் போவாது."

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் அழுகி நாறுவது இறால் ஓடுதான். அதில் சுற்றினால் மீன் கெடாது என்கிறாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். திண்டிவனத்துப் பெண். உணவு சம்பந்தமான படிப்பு படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருந்ததாகவும், அந்த வேலையை விட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னாள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னபோது, அவள் அரிசி களைந்த கையோடு நின்று கேட்டாள்:

"வேலய இவ வுட்டாளா, அவங்க இவள வுட்டாங்களா?"

அது எனக்கும் தெரியாது. ஆனாலும் குடோனைக் கொடுத்துவிட்டேன். பூட்டியே கிடக்கும் கட்டடம் இன்னொரு மழைக்குத் தாங்காது என்பது ஒரு காரணம். என் கண் முன்னால்தானே இருக்கப்போகிறாள் என்பது இன்னொன்று.

முதலில் வந்து இறங்கியவை நீல நிற பேரல்கள். மூடி இறுக்கி, வாயில் டேப் ஒட்டியவை. மினி லாரியிலிருந்து அவற்றை உருட்டி இறக்கியதை ரோட்டில் போன எல்லோரும் பார்த்தார்கள். சாராயத்தில் கலந்த ஏதோ ஒன்றைக் குடித்து ஆட்கள் செத்துப்போனதைப் பார்த்த கரை இது. அதிலிருந்து, என்னவென்று தெரியாத பேரல் எங்கே இறங்கினாலும் ஊர் திரும்பிப் பார்க்கும். டீக்கடைக்காரர் கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஏம்பா, உன் குடோன்ல பேரல் எறங்குதாமே. இன்னா சரக்கு?"

"எறா ஓடு கழுவுறதுக்காம்."

"ஓடு கழுவத் தண்ணி போதாதா? பேரல் எதுக்கு?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராகக் குடோனுக்குப் போனேன். அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பேரலைத் திறக்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மூடியைத் திருகினாள். தள்ளி நின்றும் ஆவி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆசிட்ணா. ஓட்டுல சுண்ணாம்பு இருக்குது, அதக் கரைக்க. அந்தச் சின்ன பேரல்ல காஸ்டிக் சோடா. ஒட்டிட்டு இருக்குற சதயக் கரைக்கிறதுக்கு. ரெண்டுத்துக்கும் பில்லு இருக்குது, காட்டட்டுமா?"

சாராயம் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. என் உப்புப் பாத்திகளுக்குப் பக்கத்தில் ஆசிட் இருக்கிறது.

இறால் ஓடு டிராக்டரில் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், இறால் உரித்து ஐஸில் போட்டு வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று உண்டு. தலையும் ஓடும் குவியல் குவியலாக விழும். அதையெல்லாம் ஒரு டிராக்டர்காரர் அள்ளிக்கொண்டு போய்க் கழிவெளி ஏரி ஓரத்தில் கொட்டிவிட்டு வருவார். பல வருஷமாக அதுதான் வழக்கம். வெயில் ஏறினால் அந்தப் பக்கம் போக முடியாது. அளத்தில் வேலை செய்யும் பெண்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் உப்பு வாரும் கோலைப் பிடிப்பார்கள். இப்போது அதே டிராக்டர் குடோன் வாசலில் கொட்டியது. கழிவெளிப் பக்கம் நாற்றம் குறைந்தது. குடோன் பக்கமும் நாற்றம் வரவில்லை. என் மனைவிக்கு அதுவே பெரிய சந்தேகமாகிவிட்டது.

"அவ்வளோ ஓடு எங்கங்க போவுது? கொஞ்சமாவது நாறணும் இல்ல?"

அவள் பிரம்மதேசத்தில் நெல்லும் மணிலாக் கொட்டையும் விளையும் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த பிறகுதான் மீன் வாங்கவே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு இந்தக் கரையில் அவளை ஏமாற்றி ஒரு மீனை விற்க முடியாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்குவாள், முகர்வாள், விற்கிற அம்மாவின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பாள்.

ஒரு மாதம் போல ஆனதும் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு ஒரு சுருளோடு வந்தாள். வெளிர் டீ நிறத்தில், கண்ணாடி போலப் பின்னால் இருப்பது தெரியும் மெல்லிய தாள். கையில் கசக்கினால் பிளாஸ்டிக் சத்தம் வரவில்லை. ஓட்டை ஆசிட்டிலும் காஸ்டிக்கிலும் போட்டு எடுத்தால் கடைசியில் கைட்டோசான் என்ற வெள்ளைச் செதில் கிடைக்குமாம். அதை வினிகர் கலந்த தண்ணீரில் கரைத்து, கிழக்குக் கடற்கரைச் சாலை ஜூஸ் கடைகளில் தூக்கிப்போடும் மாதுளைத் தோலை வேகவைத்த சாற்றைச் சேர்த்து, கண்ணாடிப் பலகையில் ஊற்றிக் காயவைத்து உரிக்கிறாள். நிறம் மாதுளைத் தோலிலிருந்து வருவது. ஓடும் தோலும் சேர்ந்து கிருமியைப் பெருகவிடாது என்றாள்.

"நம்பலன்னா நீங்களே வச்சுப் பாருங்கக்கா," என்று என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நம்பாதவளிடம் அதைச் சொன்னால் போதும். மறுநாள் காலையில் என் மனைவி கரைக்கே போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தாள். ஒன்றைச் சாதாரண பிளாஸ்டிக் கவரிலும் இன்னொன்றை அந்தத் தாளிலும் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். தினமும் திறந்து பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சில நாள் கழித்து இரண்டையும் எடுத்தோம். கவரில் இருந்தது கொழகொழத்து, சமையலறை முழுக்க வாடை. தாளில் இருந்த மீனின் தோல் இன்னும் மினுங்கியது. முகர்ந்தால் கடல் வாடை மட்டும்தான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் முகம் இறுகிவிட்டது.

"இத நான் ஆக்க மாட்டேன்," என்றாள்.

"நல்லாத்தானே இருக்குது?"

"அதான் பயமா இருக்குது. இத்தினி நாளான மீனு நாறணுங்க. நாறலன்னா எதுனா மருந்து போட்டிருக்காங்கன்னு அர்த்தம். பொணத்துக்கு ஊத்துற மருந்த மீனுக்கு ஊத்துறாங்கன்னு டிவில காட்டல? அந்த மீனு கூட இப்படித்தான் மினுங்கும்."

அவள் சொன்னதைத் தள்ள முடியவில்லை. நாங்கள் இத்தனை வருஷம் மீனை நம்பியது அது கெட்டுப்போகும் என்பதால்தான். கெடாத மீனை எதைக் கொண்டு நம்புவது? அந்தப் பிண மருந்தான ஃபார்மலின் ஊற்றிய மீனில் ஈ உட்காராது என்பது இங்கே எல்லோரும் சொல்வது. தாளில் சுற்றிய மீனைத் தட்டில் வைத்துப் பின்வாசல் படியில் வைத்தாள். நாங்கள் இருவரும் உள்ளே நின்று பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு ஒரு ஈ வந்தது. அதன் பின்னால் ஒரு கூட்டம். அதன் பின்னால் பக்கத்து வீட்டுப் பூனை வந்து, ஈக்களை லட்சியம் செய்யாமல் மீனைக் கவ்விக்கொண்டு மதில் ஏறியது. மறுநாள் அந்தப் பூனை நடமாடுகிறதா என்று என் மனைவி மதிலுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெயிலில் மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டதோ என்று பதறிக் கையைத் தட்டினாள். அது எரிச்சலோடு எழுந்து போனது.

"மருந்து இல்ல போலருக்கு," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு மனமே இல்லை.

அந்த வெயில் காலத்தில்தான் பாத்தி விஷயம் வந்தது. குடோனுக்கு அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். மற்றப் பாத்திகளில் உப்பு கண் கூச வெள்ளையாக இருக்க, அந்த ஒன்றில் மட்டும் மஞ்சள் படிந்திருந்தது. வரப்போரம் அழுக்கு நுரை. கையில் எடுத்து முகர்ந்தேன். வேகவைத்த இறால் தலையின் வாடை. குடோனின் பின் சுவரிலிருந்து அந்தப் பாத்திக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் வரை மண் ஈரமாக இருந்தது.

கோபத்தோடு உள்ளே போனேன். அவளைக் கையோடு கூட்டிவந்து பாத்தியைக் காட்டினேன். அவள் குனிந்து உப்பை எடுத்துப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"தொட்டி லீக் ஆவுதுண்ணா. எனக்குத் தெரியாம போச்சு."

"தண்ணி எங்க போவும்னு மொத நாளே கேட்டியேம்மா. அப்பவே இங்கதான் வுடப்போறேன்னு நெனச்சிட்டியா?"

"இங்க வரக் கூடாதுன்னுதாண்ணா கேட்டேன்."

"இன்னொரு வாட்டி என் பாத்தில ஈரம் பாத்தேன், பூட்டு போட்டுருவேன்."

அவள் சரி என்றாள். அந்தப் பாத்தி உப்பை வாரித் தனியாகக் கொட்டினோம். மறுவாரம் குடோனுக்குப் பின்னால் ஈரம் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. தினமும் காலையில் அளத்துக்குப் போகும்போது அந்தச் சுவரோரம் நின்று மண்ணைக் காலால் கிளறிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மண் காய்ந்து வெடித்திருந்தது. சரி, சொன்னதைக் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் அவள் தாள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. புதுச்சேரியிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இறால் என்று தெரிந்ததும், சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் மீன் விற்கும் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வாங்கினார்கள். ஒரு நாள் வேனில் கல்லூரிப் பிள்ளைகளும் வாத்தியார்களும் வந்தார்கள். கட்டட உரிமையாளர் என்பதால் நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"இந்தக் கரையில் தூக்கிப்போடும் ஓட்டிலிருந்துதான் ஒவ்வொரு தாளும் வருகிறது," என்று அவள் அவர்களிடம் சொன்னாள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வேன் கிளம்பிப்போன பிறகு சாமான் வாங்கப் போனவன் வழியில் டிராக்டர்காரரைப் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் தொட்டி நிறைய இறால் ஓடு. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"குடோனுக்கா?" என்றேன்.

"குடோனுக்கு எங்கணா? அவங்க வேணாம்னு சொல்லி எவ்வளோ நாளாச்சு. பழையபடி கழிவெளிக்குத்தான்."

"வேணாம்னாங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் வேணாம்னு சொன்னதா நெனச்சேன்."

மளிகைக் கடைக்குப் போகவில்லை. திரும்பிக் குடோனுக்கு நடந்தேன். எதைக் கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப்பார்த்தேன். கதவு திறந்திருந்தது. கண்ணாடிப் பலகைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இதுவரை நான் போகாத பின்னறைக்குள் போனேன். சுவரோரம் வெள்ளைச் சாக்குகள் அடுக்கியிருந்தன. மேல் சாக்கு பிரித்திருந்தது. உள்ளே அவள் சொன்ன அதே வெள்ளைச் செதில், ஆனால் மாவு போல அரைத்தது. சாக்கின் மேல் வேறொரு மாநிலத்து ஊர்ப் பெயர் அச்சாகியிருந்தது.

அவள் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

"இது எங்கருந்தும்மா வருது?"

அவள் பிரித்திருந்த சாக்கின் வாயை மடித்து மூடினாள். பிறகு, "வெளியூர் கம்பெனில ரெடிமேடா வாங்குறேண்ணா. அதுவும் எறா ஓடுதான். நம்ம ஊர் ஓடு இல்ல," என்றாள்.

"அப்போ இப்ப அந்தப் புள்ளைங்ககிட்ட சொன்னது?"

"பொய்தான்."

"ஏன்?"

"ஓடு கழுவணும்னா அவ்வளோ தண்ணி வெளிய வரும்ணா. எத்தினி தொட்டி கட்டினாலும் ஒரு நாள் கசியும். கசிஞ்சா நீங்க பூட்டு போடுவீங்க. ஓடு எடுக்கறத நிறுத்திட்டேன்னு சொன்னா வாங்குறவங்க போயிடுவாங்க. ரெண்டு பக்கமும் யோசிச்சு இப்படிப் பண்ணிட்டேன்."

அவள் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நான் சாராயம் என்று சந்தேகப்பட்டேன், பிண மருந்து என்று வீட்டில் சந்தேகப்பட்டோம், இரண்டிலும் அவள் சுத்தமாக இருந்தாள். சுவரோரம் மண் காய்ந்திருந்ததைப் பார்த்து அவள் நல்லவள் என்று முடிவு கட்டிய அந்த ஒரு விஷயத்தில்தான் என்னை ஏமாற்றியிருந்தாள். எனக்குக் கோபத்தைவிட, காய்ந்த மண்ணைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினோமே என்ற எரிச்சல்தான் அதிகம். அந்த நாட்களில் எல்லாம் ஓடு பழையபடி கழிவெளியில் விழுந்துகொண்டிருந்தது. என் அளத்துப் பெண்கள் மறுபடி மூக்கை மூடிக்கொண்டதை நான் பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். உடனே காலி பண்ணச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் என் மனைவி, "நேரா கேட்டதுக்கு நேரா சொல்லிட்டா இல்ல? இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்க, வேற வழி எதுனா இருக்கான்னு," என்றாள்.

வழி இருந்தது. ஆனால் நாறும், அதனால்தான் செய்யவில்லை என்றாள் அந்தப் பெண். ஓட்டை ஆசிட்டில் போடாமல், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் வெல்லப்பாகுக் கழிவையும் கொஞ்சம் தயிரையும் சேர்த்து மூடிய பேரலில் புளிக்கவிட வேண்டும். புளிப்பே சுண்ணாம்பைக் கரைக்கும், சதையும் கழன்றுவிடும். மிஞ்சுகிற தண்ணீரில் ஆசிட் கிடையாது, நிறைய தண்ணீர் கலந்து வயலுக்கு விடலாம். கடைசியில் கொஞ்சம் காஸ்டிக் மட்டும் வேண்டும். அதை வெளியே விடாமல் திரும்பத் திரும்ப அதே தொட்டியில் பயன்படுத்தலாம். நாள் அதிகம் பிடிக்கும், தாளும் கொஞ்சம் கறுக்கும்.

"பாத்திப் பக்கம் வேணாம். ரோட்டுப் பக்கம் பேரல வச்சுக்கோ," என்றேன். "வாங்குறவங்ககிட்டயும் நடந்தத சொல்லிடு. நீயே சொல்லு."

சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன், ஏனென்றால் சொல்லுவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. மீன்கடைக்காரர்களில் ஒருவர் வாங்குவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள், ஓடு எந்த ஊராக இருந்தால் என்ன, மீன் கெடாமல் நிற்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். கல்லூரிக்கும் போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் வாசலில் நின்றிருந்தாள்.

அவள் சொன்னபடியே நாறியது. முதல் பேரலைத் திறந்த அன்று டீக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து சண்டை போட்டார். பிறகு மூடிகளுக்கு ரப்பர் வளையம் போட்டு, காற்று போக ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விட்டதும் அடங்கியது. டிராக்டர் மறுபடி குடோனுக்கு வர ஆரம்பித்தது. எல்லா ஓட்டையும் அவளால் எடுக்க முடியவில்லை. ஒரு பங்கு இன்னும் கழிவெளிக்குத்தான் போகிறது. அதையும் அவளே வருகிறவர்களிடம் சொல்கிறாள்.

என் மனைவி இப்போது சென்னையில் இருக்கும் மகளுக்கு மீன் அனுப்பும்போது அந்தத் தாளில்தான் சுற்றுகிறாள். ஆனால் அசைவம் சேர்க்காத புரட்டாசியில் அதை வீட்டுக்குள் விடமாட்டாள். மருமகனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவருக்குப் போகிற பொட்டலத்துக்கு மட்டும் வாழையிலைதான். அந்தத் தாளில் இறாலின் சத்து மிச்சமில்லை என்று அந்தப் பெண் எத்தனை முறை சொல்லியும் இதில் மட்டும் அவளை அசைக்க முடியவில்லை. சோதித்துப் பார்க்காமல் நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்று கடைசியில் அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டாள்.

போன வாரம் பெருமுக்கல் பக்கத்திலிருந்து மணிலா போடும் விவசாயி ஒருவர், பேரல் தண்ணீரை எடுத்துப்போகக் கேனோடு வந்தார். அவள் உள்ளே வேலையாக இருந்தாள். அவர் கேனின் மூடியைத் திறந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து என்னிடம் கேட்டார்.

"ஏண்ணா, இது ஊத்தினா செடி கருவாதே?"

"கருவாதுன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லுது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒரு மூலைல ஊத்திப் பாரு," என்றேன். "தண்ணி நிறைய கலந்து ஊத்து. ஒரு வாரம் பாத்துட்டு அப்பறமா மத்ததுக்கு ஊத்து."

அவர் கேனைத் தூக்கி வண்டியில் வைத்துக் கயிறு கட்டினார். நான் சுவரைச் சுற்றிக்கொண்டு பாத்திப் பக்கம் போனேன், மண் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க.